மாடியில் மீன், கீழே நான்

ஜனவரி 18, ஞாயிறு

ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வந்து தொலைத்தன. அதுவும் தை அமாவாசை. ஆக, இந்த வாரமும் இவருக்கு மீன் கிடையாது.

எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. பிரதோஷம், சஷ்டி, கார்த்திகை, அமாவாசை எல்லாம் போக மிச்சம் இருக்கிற ஞாயிறுகளில் இவர் மீன் வாங்கலாம். வாங்கி, பின்பக்கப் படி வழியாக மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், அங்கே தகரக் கொட்டகைக்குள் இருக்கிற ஒற்றை அடுப்பில், அதற்கென்று வைத்திருக்கிற கல்லில் வறுத்து, அதற்கென்று வைத்திருக்கிற தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தையும் கையையும் மாடிக் குழாயிலேயே கழுவிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். கல்யாணத்தின்போது நான் போட்ட ஒரே கண்டிஷன் இது. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஜெரோம் பர்னாந்துக்கு இது எப்பேர்ப்பட்ட கண்டிஷன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "மாடியில மீனு, கீழ நீ. ரெண்டும் கெடச்சா சரிதான்" என்று சிரித்தார். இருபத்திரண்டு வருஷமாக அதே சிரிப்புதான்.

மீன் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. அவ்வளவுதான் காரணம். திருநெல்வேலியில் சைவ வீட்டில் பிறந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

வடை, பாயசம், பூசணிக்காய்க் கூட்டு எல்லாம் செய்தேன். இவர் வடையை மோரில் ஊறப்போட்டுத்தான் விழுங்கினார். நாக்கில் அந்தப் புண் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பல் டாக்டர் போன வாரம் துளி சதை கிள்ளி எடுத்து எங்கேயோ அனுப்பியிருக்கிறார். கூரான பல் உரசி வந்த புண்ணாகத்தான் இருக்கும். வெற்றிலை கிடையாது, புகையிலை கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், டீயைத் தவிர ஒரு பழக்கம் கிடையாது.

ஜனவரி 20, செவ்வாய்

முடிவு வந்துவிட்டதாம். பல் டாக்டர் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். நான் ஆபீசில் இல்லாவிட்டால் அங்கே ஒரு டி.சி. கூட நகராது. நகராவிட்டால் கிடக்கட்டும்.

ஜனவரி 23, வெள்ளி

போய் வந்தோம். பெரிய டாக்டர் என்று சொன்னார்கள், பார்த்தால் சின்னப் பெண். தன்மையாகத்தான் பேசினாள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஆபரேஷன். நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டி வருமாம். பிறகு மூக்கு வழியாகக் குழாய். பேச்சு பழகப் பழக ஓரளவு வரும் என்றாள்.

"ருசி?" என்று கேட்டேன்.

"அத எதிர்பார்க்காதீங்க, மேடம். அதுவரைக்கும் சாருக்குப் பிடிச்சதெல்லாம் செஞ்சு குடுங்க. காரம், புளி மட்டும் வேணாம், எரியும். சாருக்கு என்ன ரொம்பப் பிடிக்கும்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

"இவ வைக்கிற சாம்பாரு" என்றார் டாக்டரிடம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டியதும் சொன்னார்: "உலகு, ஆபரேஷனுக்கு முன்னால ஒரே ஒரு நாளு நல்ல வெளமீனா வறுத்து ஆற அமர தின்னுட்டேன்னு வையி, பெறவு அவுக எதை வேணும்னாலும் வெட்டிக்கிடட்டும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உலகம்மை என்று முழுசாகக் கூப்பிட்டால் இவருக்குக் கோபம் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொள்வேன். இன்று 'உலகு' என்று கூப்பிட்டும் அழுகை வந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் மீன்காரப் புஷ்பம் பின்வாசலில் சத்தம் கொடுத்தாள். முன்வாசலில் அவள் கூடையை இறக்கக் கூடாது என்பதும் என் சட்டம்தான். விளமீன் துண்டு போட்டு வாங்கிக்கொண்டு இவர் மாடிக்குப் போனார். நான் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான புதிதில் கூப்பிடுவார். "நீ திங்க வேண்டாம்ட்டி. சும்மா பக்கத்துல வந்து உக்காரு. தனியாத் தின்னா எறங்க மாட்டேங்கு" என்பார். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு டி.வி. போட்டுக்கொள்வேன். ஏழெட்டு மாதம் கூப்பிட்டிருப்பார். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார். நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

இன்று போன கொஞ்ச நேரத்திலேயே இறங்கி வந்துவிட்டார். கண் கலங்கிச் சிவந்திருந்தது. கை பழக்கத்தில் வழக்கம்போல மிளகாய்ப்பொடியைக் குழைத்துப் பூசியிருக்கிறார். ஒரு விள்ளல் வாயில் வைத்ததும் உயிர் போய்விட்டதாம். அத்தனையும் பூனைக்குப் போட்டுவிட்டார்.

"காரம் இல்லாம வறுத்தா என்ன?"

"எனக்குக் காரம் போட்டுத்தான் வறுக்கத் தெரியும். எங்கம்மா பிள்ளத்தாச்சியளுக்கு நல்லமொளவும் மஞ்சளும் போட்டு வறுப்பா. அது ஒரு பக்குவம்."

"நான் பண்ணட்டா?"

வாய் வலியையும் மறந்து சிரித்தார். "நீயா? வெங்காயச் சருகு ஒட்டுன கைய மூணு தடவ கழுவுதவ நீ."

"எங்களாலயும் முடியும். சவம், ஒரு மீன வறுக்கதுக்கு என்ன, ஐ.ஏ.எஸ்.ஸா படிக்கணும்?"

வீம்புக்குச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

பண்ணினேன். பண்ணிக் கெடுத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடிக்குப் போனோம். இந்தக் கொட்டகைக்குள் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. ஒரு ஸ்டூல், ஒரு டப்பாவில் உப்பு, ஆணியில் ஒரு துண்டு, சுவரில் ஒரு பழைய மாதா படம். ஒரே ஒரு ஸ்டூல். அதில் இவர் உட்கார்ந்துகொண்டு சொல்ல, நான் நின்று செய்தேன்.

பத்து நிமிஷ வேலைதான். மீனை ஈரம் போகத் துடைக்க வேண்டும். உப்பு, மஞ்சள், நல்லமிளகு, எலுமிச்சைச் சாறு. தேங்காய் எண்ணெய். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட வேண்டும். போட்டபின் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வரவில்லை.

அந்த வழவழப்பு விரலில் பட்டதுமே குமட்டிவிட்டது. ஓடிப்போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன். வந்து மறுபடி தொட்டேன். கல் காய்வதற்குள் போட்டு, போட்டதும் கரண்டியால் கிண்டி, ஒட்டிப் பிடித்து, கடைசியில் அது மீனா, உப்புமாவா என்று தெரியாமல் போய்விட்டது. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை.

"பொறுட்டி. அதுவா கல்ல விட்டு எழும்பும். நீ அவசரப்பட்டா சதைய கல்லுட்ட குடுத்துருவ" என்றார் இவர். பிறகு தட்டை எட்டிப் பார்த்து, "இது வறுவலா, தொவையலா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பூனைக்கு இந்த மாதம் நல்ல யோகம்.

கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்து, காபிப்பொடியால் தேய்த்து, இன்னும் வாடை போகவில்லை. இதை எழுதும்போதும் அடிக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். இன்று மீன் வைக்கலாமா என்று இவரிடம் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவரே, "இன்னைக்கு வேண்டாம், உனக்கு விசேஷ நாளு" என்றுவிட்டார். பிறகு நான் என்ன செய்ய?

பொங்கல் வைத்தேன். குழைவாக இருந்ததால் இறங்கியது.

பிப்ரவரி 4, புதன்

வந்துவிட்டது! எழும்பிவிட்டது! சதையை விடாமல் முழுசாகத் திரும்பியது. மேலே பொன்னிறம், விண்டால் உள்ளே தும்பைப்பூ. ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது, அத்தனை அழகு. வாந்தியும் இல்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

ஆனால் இவரால் சாப்பிட முடியவில்லை. நேற்று மதுரையில் கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்கிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அது கட்டாயமாம். வாயைத் திறக்கவே இல்லை. வீங்கிக் கிடக்கிறது. அது தெரிந்தும் நான் ஏன் இன்றைக்குப் போய் வறுத்தேன்? கை வருகிறதா பார்ப்போம் என்றுதான்.

தட்டைப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தார். "எங்கம்மா வறுத்த மாதிரி இருக்கு" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். சனிக்கிழமைக்குள் வீக்கம் வடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம். புஷ்பத்திடம் சொல்லி நல்ல விளமீனாக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழம ஒரு வெட்டு வெட்டுதேன் பாரு" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி.

பிப்ரவரி 5, வியாழன்

அண்ணாச்சி போன் பண்ணினார்.

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறுமுகநயினார் அண்ணாச்சி, என் கூடப்பிறந்த அண்ணாச்சி, இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு. "உலகு, நான் நயினார் பேசுதேன்ட்டி" என்றார். அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா போனபோது பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் எனக்குத் தகவலே வந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் அந்த வீட்டில் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னார்களாம்.

மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொன்னார்களாம். 'மாப்பிள்ளை' என்றார்! பார்க்க வருகிறாராம். எப்போது? சனிக்கிழமை சாயங்காலம்.

போனை வைத்த பிறகு அடுக்களையைச் சுற்றிப் பார்த்தேன். இந்த டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? வாடை ஒத்துக்கொள்ளாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வாடை ஒரு பக்கம். என்றைக்காவது ஒரு நாள் அண்ணாச்சி இந்தப் படியேறி வருவார், வந்தால் என் வீட்டில் கை நனைக்க வேண்டும், மீன் வெந்த அடுப்பில் போட்ட காபியை அவர் தொடுவாரா? அதற்காகத்தான் இத்தனை வருஷமும் இவரை மாடியேற்றினேன். இவரிடம் இதைச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் இவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மீன் விஷயத்தை நான் எடுக்கவே இல்லை. அவரேதான், "வரட்டும்ட்டி, எத்தன வருசம் கழிச்சு வாராவ. வீடு மணக்க மணக்க மீன வறுத்து வச்சா நல்லாவா இருக்கும்? மீனு எங்கயும் ஓடிப்போவாது" என்றார்.

அவரேதான் சொன்னார்.

பிப்ரவரி 7, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததிலிருந்து வீட்டைக் கழுவினேன். மாடிக் கல்லையும் தட்டையும் சாக்கில் சுற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். புஷ்பம் வந்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். செவுள் ரத்தச் சிவப்பு, கண் கண்ணாடி.

"பர்னாந்து அண்ணாச்சிக்குன்னு ஏலத்துல சண்ட போட்டு எடுத்தேங்கா. பாருங்க, துடிக்கி."

"இன்னைக்கு வேண்டாம் புஷ்பம்."

"நாளைக்குத்தான மதுரைக்குப் போறிய?"

"ஆமா. வேண்டாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மூடியை மூடிக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "விடு, விடு" என்பதுபோலக் கையை ஆட்டினார். வீக்கம் வடிந்திருந்தது. காலையில் இட்லியை மென்றே சாப்பிட்டார். ஆக, இன்று சாப்பிட்டிருக்க முடியும்.

சொதி வைத்தேன். அண்ணாச்சிக்குச் சொதி என்றால் உயிர். மூன்று தேங்காய் திருகிப் பால் எடுத்தேன். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். தலைவாழை இலை.

அண்ணாச்சி காரில் வந்தார். மதினி வரவில்லை, கால் வலியாம். முடி முழுக்க நரைத்து அப்பாவைப் போலவே இருந்தார். காலில் விழுந்தேன். இவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எழுந்து நின்று, "வாங்க மச்சான்" என்றார். அண்ணாச்சி தலையை அசைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

காபி கொடுத்தேன். "இப்பத்தாம்ட்டி குடிச்சேன்" என்றார். இலை போடட்டுமா என்றேன். "வெளிய கை நனைக்கறதில்ல" என்றார். காரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அண்ணாச்சி, இந்த அடுப்புல இதுவரைக்கும் ஒரு முட்ட கூட வெந்ததில்ல. சத்தியமாச் சொல்லுதேன். உங்களுக்காகத்தான் சொதி வச்சேன்."

"தெரியும்ட்டி. நீ நம்ம பழக்கத்த விடலன்னு எல்லாரும் சொல்லுதாவ. அதனாலதான நானே வந்தேன்." குரலைத் தணித்தார். ஆனால் இவர் இருந்த நாற்காலி எட்டும் தூரத்தில்தான். "இவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னு வையி, நீ ஒண்ணும் யோசிக்காத. நேரா நம்ம வீட்டுக்கு வந்துரு. சுத்தமா இருந்தவ நீ. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? "சரி அண்ணாச்சி" என்றேன். தலையை வேறு ஆட்டினேன். பழக்கம். பாழாய்ப்போன பழக்கம்.

இவர் எழுந்து வாசல் வரை போய்க் கார் கதவைத் திறந்துவிட்டு, கார் தெருமுனை திரும்பும் வரை நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

இலவு காத்த கிளி என்பார்களே, அது நான்தான். நானாவது பரவாயில்லை, காத்திருந்தது என் இஷ்டம். இந்த மனுஷனையும் சேர்த்து ஏன் காக்கவைத்தேன்? என் அடுப்பின் சுத்தத்தைப் பார்த்து, இவள் திரும்பி வரத்தான் வழி வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். இவரும் அப்படி நினைத்திருப்பாரோ? இருபத்திரண்டு வருஷமாக?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் புஷ்பம் வீட்டுக்கு ஓடினேன். "மத்தியானமே குடுத்துட்டேனேக்கா" என்றாள். மீன் கடைப் பக்கம் போனேன். தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடையில் சாளை மட்டும் கிடந்தது. அத்தனையும் முள். இவர் வாயில் எப்படி வைப்பது?

வெறுங்கையோடு வந்தபோது, இவர் சோற்றைக் குழைத்துச் சொதியை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொதி நல்லா இருக்குட்டி" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. மத்தியானம் வெளியே போய், நாலு ஓட்டலில் ஏறி இறங்கி, வறுத்த மீன் வாங்கி வந்தேன். 'காரம் இல்லாம' என்று கேட்டால் சிரிக்கிறார்கள். மசாலாவை வழித்து எடுத்து, வெந்நீரில் அலசிக் கொடுத்துப் பார்த்தேன். வாய் எரிந்து துப்பிவிட்டார். "பரவால்லட்டி" என்றார். ஒன்பது மணிக்கு மேல் பச்சைத்தண்ணீர்கூடக் கூடாதாம்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாயும்போது வெளியே கொண்டுவந்தார்கள். நன்றாக நடந்தது என்கிறாள் அந்த டாக்டர் பெண்.

பிப்ரவரி 13, வெள்ளி

மூக்கில் குழாய். அதில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் பால், கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர் விடுகிறேன். சூடு சரியாக இருக்கிறதா என்று கையில் விட்டுப் பார்த்துக் கொடுக்கிறேன். உப்பு போட்டேனா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் போடுகிறேன்.

பேச்சு இல்லை. போனில் தட்டிக் காட்டுகிறார்.

இன்று மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு அண்ணாச்சி சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

விழுந்தது என்று தலையாட்டினார்.

"நான் அதுக்காக ஒண்ணும் அடுப்ப அப்படி வச்சிருக்கல. உங்கள விட்டுட்டுப் போகணும்னு ஒரு நாளாவது..." குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இவர் போனை எடுத்து மெதுவாகத் தட்டினார். நீட்டினார். 'சாப்ட்டியா' என்று இருந்தது.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு கெட்ட வார்த்தை தட்டியிருந்தால் நான் இன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். குழாய் இன்னும் சில மாதம் இருக்கும். மெலிந்துபோய், சட்டை கொடியில் தொங்குகிற மாதிரி இருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது.

அண்ணாச்சி போன் பண்ணினார். "எப்படி இருக்காரு? நான் சொன்னது ஞாபகம் இருக்குல்லாட்டி?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி. இனி நீங்க இங்க வந்தா தண்ணி பாட்டிலோடயே வாங்க. நான் வீட்டுக்குள்ள மீன் வறுக்கப்போறேன்."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டாட்டி? யாரு திங்கதுக்கு?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். அவர் கேட்டதில் தப்பில்லை. வீறாப்பு பேச நேரம் பார்த்தேன் பாருங்கள், தின்கிறவனுக்கு நாக்கு போன பிறகு.

மார்ச் 1, ஞாயிறு

காலையில் புஷ்பத்தின் குரல் கேட்டது. நான் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் இவர் முன்வாசலில் நிற்கிறார். மூக்கில் குழாயோடு, அவளைக் கைதட்டிக் கூப்பிட்டு, கூடையை முன்வாசல் படியிலேயே இறக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார். புஷ்பம் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"எறக்கு, எறக்கு" என்றேன்.

விளமீன். அவரே அழுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அவள் வெட்டித் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காசு வாங்காமல் போகப்பார்த்தாள். இவர் விடவில்லை.

"யாருக்குங்க இது?" என்றேன். எரிச்சலாகத்தான் கேட்டேன். கையில் சிரிஞ்சை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்.

என்னை நோக்கி விரலை நீட்டினார்.

மாட்டேன் என்றேன். என்னால் முடியாது என்றேன். உங்களை உட்காரவைத்து நான் தின்றால் என்னைவிடப் பாவி உண்டா என்றேன். இவர் பாட்டுக்கு அடுக்களையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் அடுக்களையில். பிடிவாதத்தில் என்னை மிஞ்சினவர் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நான் தோசை வார்க்கிற கல்லைத்தான் அடுப்பில் வைத்தேன். துடைத்து, மஞ்சள், உப்பு, நல்லமிளகு, எலுமிச்சை. எண்ணெய் காய்ந்ததா என்று அவரைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் என்று விரலைக் காட்டினார். போட்டேன். சடசடவென்று பொரிந்தது. கரண்டியை எடுத்தேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பொறுத்தேன். ஓரம் பொன்னிறமாகித் தானாக எழும்பியது. அப்புறம்தான் கையை விட்டார்.

மணத்துக்கு முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மூக்கில்தான் குழாய். இன்னொன்று திறந்துதானே இருக்கிறது.

சாப்பாட்டு மேஜையில் சோறும் மீனும் வைத்து என்னை உட்காரவைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். நான் விரல் நுனியில் துளி எடுத்தேன். இவர் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சதையை விண்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்து, வெள்ளைச் சதையை மட்டும் ஒதுக்கி என் பக்கம் தள்ளினார்.

வாயில் வைத்தேன். குமட்டும் என்று நினைத்தேன். குமட்டவில்லை.

எப்படி இருக்கிறது என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டார்.

"நல்லா இருக்குங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை. மெத்தென்று, லேசான இனிப்பாக, ஓரத்தில் மொறுமொறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கொட்டகைக்குள் இன்னொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சோறும் மீனும் கண்ணீருமாக முழுங்கினேன்.

உப்பு சரியா என்று சைகையில் கேட்டார்.

"கொஞ்சம் தூக்கல்."

தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு துண்டை எடுத்து முள் பார்க்க ஆரம்பித்தார்.

நான் மெதுவாகத்தான் சாப்பிட்டேன். எனக்குப் பழக்கமில்லை, நேரமாகியது. அவருக்குக் கஞ்சி விடும் வேளை தாண்டிவிட்டது. பசித்திருக்கும். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் என் பக்கத்தை விட்டு எழுந்து போகவில்லை.